நெருப்பு கேட்காத மேளம்

எண்பதுகளில் செஞ்சிப் பக்கம் திருவிழா என்றால் ஒருநாள் கட்டாயம் மெல்லிசைக் கச்சேரி உண்டு. பாடகர்களைப் பார்க்கப் பெரியவர்கள் முண்டியடிப்பார்கள். பையன்கள் நாங்கள் டிரம் செட் இருக்கும் ஓரமாகப் போய் நிற்போம். வேனிலிருந்து இறக்கிப் பூட்டுவதைப் பார்ப்பதே எங்களுக்குத் தனிக் கச்சேரி. அதிர்வை அடக்க பேஸ் டிரம்முக்குள் பழைய போர்வையைத் திணிப்பார்கள். மிதிக்க மிதிக்க அது முன்னால் நகரும், அதனால் ஒரு கருங்கல்லை அண்டக் கொடுப்பார்கள். மூன்று மலைக்கு நடுவே இருக்கிற ஊரில் கல்லுக்குக் குறைவில்லை.

அன்று பொழுது சாயும்வரை அம்மனுக்கு முன்னால் அடித்தது பம்பையும் உடுக்கையும் பறையும். அவற்றைப் பார்க்க யாரும் இடம் பிடித்து உட்கார்ந்ததில்லை. தோல் விறைக்கச் சருகைக் கூட்டித் தீ மூட்டி, பறையை அதன்மேல் காட்டிக் காய்ச்சுவார்கள். விரலால் சுண்டுவார்கள், மறுபடி காட்டுவார்கள். ஓசை சரியான பிறகுதான் தோளில் ஏறும். அந்தத் தோலைத் தொட்டதற்காகவே பறையடிப்பவர்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்திய ஊர்தான் இதுவும்.

இந்த உடுக்கையை ஊரே எழுந்து நின்று பார்க்க வைத்தவர் டிரம்ஸ் சிவமணி. திரையிசையில் டிரம்ஸ் வாசித்த எஸ்.எம். ஆனந்தனின் மகன். அவருடைய டிரம் செட்டில் அமெரிக்க முறை பேஸ் டிரம்மும் சிம்பல்களும் இருக்கும். பக்கத்திலேயே உடுக்கை, கடம், கஞ்சிரா, போதாததற்குத் தண்ணீர் வாளி, சூட்கேஸ். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அவர் அழுத்தி விடும்போது சுருதி ஏறி இறங்குகிறது. எங்கள் பக்கத்து மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அமாவாசை இரவில் பூசாரி கையில் கேட்கிற அதே ஏற்ற இறக்கம். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் பக்கத்து மேளத்துக்கும் அதில் பங்கு உண்டு என்றுதான் எனக்குப் பட்டது.

உடுக்கை டிரம் செட் மேடைக்குப் போக, அந்த மேடையின் தோல் இங்கே வந்துவிட்டது. 1957இல் ரெமோ பெல்லி அமெரிக்காவில் பாலியெஸ்டர் தோலை விற்கத் தொடங்கினார். கன்றுத்தோல் ஈரத்தில் தொய்ந்துபோவது அங்கேயும் பெரும்பாடாக இருந்தது. இன்று இங்கே பல குழுக்களின் பறைக்கு ஃபைபர் சட்டம், பிளாஸ்டிக் தோல், சுற்றிலும் போல்ட். நெருப்பு வேண்டாம், ஸ்பேனர் போதும்.

“மழையில தோல் எறங்கிடும் தம்பி, பாதி ஊர்வலத்துல நெருப்புக்கு எங்க போறது? இது எறங்காது” என்றார் பறையடிக்கும் ஒரு பெரியவர். ஆடி மாதத் தூறலில் விடியவிடிய அடிக்கிறவர் சொல்வதை மறுக்க எனக்கு மனமில்லை. அடி பளிச்சென்று விழுகிறது. ஆனால் அடித்த பிறகு நெஞ்சுக்குள் நின்று அடங்கும் கார்வை அதில் இல்லை. அது எனக்கு வேண்டும்.

மெல்லிசை மேடையில் டிரம் செட்டும் அநேகமாகப் போய்விட்டது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1985இல் கொண்டுவந்த ஆக்டோபேடின் வாரிசுகள்தான் இப்போது. எட்டு ரப்பர் கட்டங்களில் தவில், உறுமி, பறை எல்லாம் அடக்கம். தோல்பறையின் ஓசை அந்தப் பெட்டியில் பதிவாக இருக்கிறது, வெளியே அடிக்கிற பறையிலோ பிளாஸ்டிக்.

ஆங்கிலேய டிரம்மர் ரிங்கோ ஸ்டார் 1963இல் வாங்கிய லுட்விக் டிரம் செட் 2015இல் 20 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. எந்த நிறம், எந்தக் கடை, எந்தெந்த மேடை என்று எல்லாவற்றுக்கும் குறிப்பு இருக்கிறது. செஞ்சிக் கோட்டையும் 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால் எந்தத் தோலை எத்தனை நாள் ஊறவைப்பது, பம்பையின் மரக்குடத்துக்கு எந்த மரம், வெண்கலக் குடத்தை வார்ப்பது யார் என்று கைப்பழக்கத்தில் மட்டும் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து, பெயரோடும் ஊரோடும் எழுதி வாங்க வேண்டும். வருகிற ஆடிக்கு முன்பே தொடங்கிவிடலாம்.