எழாவிடை: காமன்ஸ் சபைக் கேள்வி நேரத்துக்கு ஒரு நன்னூல் உரை

பவணந்தி முனிவர் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்து நன்னூலில் வைத்துவிட்டுப் போனார். பள்ளியில் அதை மனப்பாடம் செய்யாத தமிழர் குறைவு. செய்தபின் அதை எங்கே பயன்படுத்துவது என்று அறிந்தவர் அதைவிடக் குறைவு. 1919க்கும் 1939க்கும் இடையே லண்டன் காமன்ஸ் சபையில் அமைச்சர்கள் அன்றாட நிர்வாகம் பற்றிச் சொன்ன பதில்களே அதற்கு உரிய இடம் என்பது இவ்வாய்வின் துணிபு. தொல்காப்பியத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் நாம் பார்க்கப்போகும் தபால் பெட்டிக்கு அவ்வளவு தேவையில்லை.

முதலில் அந்நாளைய களம். திங்கள் முதல் வியாழன் வரை பிற்பகல் 2.45க்குச் சபை கூடும். பிரார்த்தனையும் சில்லறை அலுவல்களும் முடிந்ததும் கேள்வி நேரம் தொடங்கும், 3.45க்குள் முடிந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை கேள்வி கிடையாது. அமைச்சர்களும் ஒரு நாளாவது மூச்சுவிட வேண்டாமா? 1902இல் அவை முன்னவர் பால்ஃபர் கொண்டுவந்த விதிகளின்படி, வாய்வழிப் பதில் வேண்டுகிறவர் தம் கேள்வியின் தலையில் ஒரு நட்சத்திரம் போட வேண்டும். மற்றவற்றுக்கு அச்சில் பதில் வரும். நம் நாடாளுமன்றத்து நட்சத்திரக் கேள்வி இந்த வம்சந்தான். டெல்லி மத்திய சட்டசபையில் சத்தியமூர்த்தி அரசாங்க வரிசையைத் துணைக் கேள்விகளால் திணறடித்ததும் இதே ஆயுதத்தால்தான்.

1920 முதல் ஓர் உறுப்பினருக்கு நாளொன்றுக்கு மூன்று நட்சத்திரங்கள்தான் என்று காமன்ஸ் சபையில் பங்கீடு வைத்தார்கள். கேள்வி ஏற்கெனவே அச்சாகி எல்லார் கையிலும் இருப்பதால், உறுப்பினர் எழுந்து அதன் எண்ணை மட்டும் சொல்வார். அமைச்சர் எழுந்து, வேறு யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பார். மாடத்திலிருந்து முதல் தடவை பார்ப்பவருக்கு உள்ளே தம்போலா நடக்கிறதோ என்று தோன்றும்.

உலகத்தில் கால்வாசியை ஆண்ட சபை அது. கடன், ஆயுதம், வேலையில்லாத் திண்டாட்டம் எல்லாம் அங்கே பேசப்பட்டன. அவற்றை எழுத வேறு ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நமக்கு வேண்டியது, இரவில் குறிப்பிட்ட மணிக்கு மேல் சாக்லேட் விற்கலாமா என்று உள்துறை அமைச்சர் ஜாய்ன்சன் ஹிக்ஸ் காலத்தில் எழுந்த மனக்குமுறல் போன்றவை. பொதுப்பணிகளுக்கென்று முதல் ஆணையர் என்றொருவர் இருந்தார். அரண்மனை, அரசுப் பூங்கா, சிலை, குளத்து வாத்து எல்லாம் அவர் தலையில். 1930இல் ஜார்ஜ் லான்ஸ்பரி அந்தப் பதவியில் இருந்தபோது ஹைட் பார்க் ஏரியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்க இடம் திறந்தார். ஒழுக்கம் என்ன ஆகும் என்பதற்கும் அவரே பொறுப்பானார். அதே பூங்காவில் 1925இல் எப்ஸ்டைன் செதுக்கிய 'ரீமா' சிற்பத்தைப் பிரதமர் பால்ட்வினே திறந்துவைத்தார். பிடிக்காதவர்கள் அதை அகற்றச் சொல்லிச் சபைவரை போனார்கள். சிற்பம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இனி வினா. அமைச்சர் இதை அறிவாரா என்று தொடங்குவதே அச்சபை மரபு. கேட்பவருக்கு விஷயம் தெரியும், எதிராளிக்குத் தெரியுமா என்று சோதிக்கிறார். ஆசிரியர் மாணவனைக் கேட்கும் அறிவினா இது. கிராமத்துக்குத் தொலைபேசிக் கூண்டு கிடைக்குமா என்பது கொளல் வினா. நடவடிக்கை எடுப்பாரா என்பது ஏவல் வினா. தெரியாததால் கேட்கும் அறியா வினா அந்தச் சபையில் அரிது. கொடை வினாவோ, அதாவது எதையாவது கொடுப்பதற்காகக் கேட்பது, அறவே இல்லை.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். நாமே கற்பித்த ஊர். அங்கே தபால் பெட்டியிலிருந்து மாலை ஆறு மணிக்குக் கடிதம் எடுப்பது வழக்கம். திடீரென்று ஐந்தேகால் என்று தகட்டை மாற்றிவிட்டார்கள். ஓய்வுபெற்ற ஒரு கர்னல் தேநீருக்குப் பிறகுதான் கடிதம் எழுதுவார். அவர் தொகுதி உறுப்பினருக்கு எழுதுகிறார், ஐந்தேகாலுக்கு முன்பாகவே. கேள்வி அச்சானதும் செயின்ட் மார்ட்டின்ஸ் லி கிராண்டிலுள்ள தபால் தலைமையகத்தில் ஒரு கோப்பு பிறக்கிறது, அவசரச் சீட்டோடு. வட்டாரத்துக்கு ஆள் போகிறது. அந்தப் பெட்டியை வருஷக்கணக்காக ஏறிட்டும் பார்க்காத உள்ளூர் தபால் அதிகாரி குடையோடு போய் அதன்முன் நின்று, பெட்டிக்கும் ரயில் நிலையத்துக்கும் உள்ள தூரத்தைக் காலடியால் அளக்கிறார். அவர் அறிக்கையை ஒருவர் சுருக்குகிறார். சுருக்கத்தை இன்னொருவர் மழுக்குகிறார். அமைச்சர் கைக்கு வரும்போது இரண்டு வரி பதில் இருக்கும். அதற்குக் கீழே, துணைக் கேள்வி இப்படி வந்தால் இப்படிச் சொல்லவும், அப்படி வந்தால் அப்படி என்று ஒரு பக்கம் இருக்கும். பதிலைவிடத் தற்காப்பு நீளம்.

இப்போது விடை. நேர் விடை, அதாவது ஆம் என்பது, ஆபத்தானது. ஆம் என்றால் பணம் செலவாகும். மறை விடை மலிவு. ஆனால் வெறுமனே இல்லை என்று சொல்வது அநாகரிகம் என்பதால், விடை எதிர்மறையில் அமைந்துள்ளது என்று சொல்லி உட்காருவார்கள். அவர்கள் கைவண்ணம் சுட்டு விடையில் தெரியும். கடைக்கு வழி கேட்டால் கைகாட்டுவது நம் இலக்கண உதாரணம். அங்கே, சென்ற மாதம் இன்ன தேதியில் அளித்த பதிலைப் பார்க்க என்று கைகாட்டுவார்கள். போய்ப் பார்த்தால் அந்தப் பதில் அதற்கு முந்திய ஒரு தேதியைச் சுட்டி நிற்கும். இது செய்வாயா என்றால் நீயே செய் என்பது ஏவல் விடை. அதற்கு அமைச்சர் வழக்கு: முன்னறிவிப்புக் கொடுங்கள். இந்தப் பெட்டி பற்றி வேறு முறையீடு வரவில்லை என்பது உற்றது உரைத்தல். விசாரித்து உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவேன் என்பது உறுவது கூறல். பெட்டியைப் பற்றிக் கேட்டால் மாவட்டத்துத் தபால் சேவை மொத்தத்தையும் புகழ்வது இனமொழி. பவணந்தியார் லண்டனுக்குப் போகவில்லை என்று நம்புவது கடினமாக இருக்கிறது.

ஆயினும் அவரிடம் இல்லாத ஒன்று அங்கே உண்டு. கேள்வியை உறுப்பினர் இரண்டு கூறாகக் கட்டுவார்: நேரம் மாறியது தெரியுமா, தெரியுமானால் என்ன செய்யப் போகிறார் என்று. முதல் கூறுக்கு விடை எதிர்மறை, ஆகவே இரண்டாம் கூறு எழவில்லை என்பார் அமைச்சர். எழுந்து நின்று கேட்ட கேள்வி எழவே இல்லை என்று ஆகிவிடுகிறது. இதற்கு 'எழாவிடை' என்று பெயரிட்டு ஒன்பதாவதாகச் சேர்க்கும்படி புலவர்களை வேண்டுகிறேன்.

பத்தாவதும் வளர்ந்தது. 1927 தொடக்கத்தில் பி.பி.சி. ஒரு பொதுக் கழகமானது. வானொலி உரிமத்துக்குப் பத்து ஷில்லிங் வசூலித்தது தபால்துறை. ஆனால் பாட்டு நன்றாக இல்லை என்றால், நிகழ்ச்சிகள் கழகத்தின் பொறுப்பு என்பார் தபால் அமைச்சர். 1933இல் லண்டன் பேருந்தும் பாதாள ரயிலும் தனி வாரியத்துக்குப் போயின. பேருந்து நிறுத்தத்தைப் பற்றிப் போக்குவரத்து அமைச்சரைக் கேட்க வழியில்லாமல் போயிற்று. துறையையே வாசலுக்கு வெளியே வைத்துவிட்டால் விடை எழுதும் சிரமம் மிச்சம்.

அமைச்சர்களுக்கு ஞாபகசக்தி குறைவு என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. மோட்டார் வண்டிகளுக்கு இருந்த மணிக்கு 20 மைல் வரம்பை 1930 சட்டத்தால் எடுத்தது போக்குவரத்து அமைச்சகம். 1935இல், ஹோர் பெலிஷா அமைச்சராக இருந்த காலத்தில், ஊருக்குள் 30 மைல் வரம்பு வைத்ததும் அதே அமைச்சகம். இரண்டு கொள்கையையும் ஒரே மேசையிலிருந்து தயங்காமல் சொன்னார்கள். அதற்கு நல்ல ஞாபகம் வேண்டும்.

சரி, கர்னலின் பெட்டி? இத்தகைய கோப்புகளின் போக்கைப் பார்த்தால் ஒன்று ஊகிக்கலாம். சபையில் அவருக்குக் கிடைப்பது எழாவிடைதான். ஆனால் குடையோடு நின்ற அதிகாரி, தம் ஊரின் பெயர் சபை நடவடிக்கைப் பதிவான ஹன்சார்டில் இன்னொரு முறை ஏறுவதை விரும்ப மாட்டார். சத்தமில்லாமல் தகடு ஆறு மணிக்குத் திரும்பும். விடை வெறும் காற்று, பெட்டியைத் திருத்தியது வினா. அமைச்சருக்கு இது தெரிந்தே இருக்கும், வாய்விட்டு ஒப்புக்கொள்ளமாட்டார்.

இந்த முறை பலிக்காத வினாவும் ஒன்று உண்டு. ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பிய காலம் 1918இல் முடிந்தது. கட்டணம் ஒன்றரை பென்னியாகி, 1920இல் இரண்டாகி, 1922இல் மறுபடி ஒன்றரைக்கு இறங்கி நின்றது. பழைய பென்னித் தபால் எப்போது திரும்பும் என்று அடுத்தடுத்த தபால் அமைச்சர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எட்டு விடையும் ஒன்பதாவதும் தீர்ந்துபோயின. 1940இல் கட்டணம் இரண்டரை பென்னியாக ஏறிற்று. இதற்கிடையே 1929இல் உள்துறை அலுவலகத்தில் எலி பிடிக்கும் பூனைக்கு உணவுப்படி கேட்டு நிதித்துறைக்கு ஒரு கடிதம் போயிற்று. ஆட்சேபம் இல்லை, நாளொன்றுக்கு ஒரு பென்னி கொடுக்கலாம் என்று பதில் வந்தது. அது நேர் விடை.