இல்லற வாலை வடிப்பு: ஆரம்பாக்கத்து ஆரம்ப சாதகர்க்கு ஒரு சாஸ்திர விசாரம்

1. எடுத்துக்கொண்ட பொருள்

மனிதன் பொழுதுபோக்கென்று மேற்கொண்டுள்ள காரியங்களுள் தபால்தலை சேகரிப்பதும் புறா வளர்ப்பதும் அயலாரின் சந்தேகத்துக்கு இடமின்றி நடந்தேறுவன. ஆனால், ஒரு பாத்திரத்தில் திரவத்தைக் கொதிக்கவைத்து, அதன் ஆவியைக் குளிர்வித்து, துளித்துளியாக மற்றொரு பாத்திரத்தில் ஏந்திக்கொள்ளும் வாலை வடிப்பென்னும் நிரபராதமான கிருத்தியமோ, எளாவூர்ச் சோதனைச் சாவடிக்கும் வடக்கே, தேசிய நெடுஞ்சாலை 16இன் மீது ஆந்திரத்துத் தடாவை எட்டிப் பார்த்தபடி நிற்கும் ஆரம்பாக்கத்தைப் போன்ற எல்லைப்புற ஊரில், அடுப்புப் பற்றவைக்குமுன்பே அவதூறுக்கு ஆளாகிவிடுகிறது. அவ்வவதூறைக் களைந்து, இக்கலையை அதற்குரிய சாஸ்திர பீடத்தில் ஏற்றுவதே இவ்வாராய்ச்சியின் நோக்கமாகும்.

ஆதலின், முதற்கண் எல்லை வகுத்துக்கொள்வோம். 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியன்று ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்தது. அவ்வாண்டுச் சட்டம், எத்தனையோ திருத்தங்களுக்குப் பின்னும், சாராயம் காய்ச்சுவதை மட்டுமன்றி, அதற்கென்று சட்டி பானை வைத்திருப்பதையும் குற்றமென்றே சொல்கிறது. சட்டத்துக்கு அஞ்சாதவரும் ரசாயனத்துக்கு அஞ்சவேண்டும். எத்தனால் சுமார் 78 டிகிரியிலும் மெத்தனால் சுமார் 65 டிகிரியிலும் கொதிப்பவை; ஒன்றோடொன்று கலந்துவிட்டாலோ நாவும் நாசியும் அவற்றைப் பிரித்தறியமாட்டா. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். ஆகவே ஊறல் என்னும் அத்தியாயம் இந்த சாஸ்திரத்தில் இல்லை. இங்கே அடுப்பேறுவன தண்ணீரும் ஓமமுமே.

2. பூர்வ சரித்திரம்

ஆல்சின் என்னும் தொல்லியலறிஞர், வடமேற்கே சார்சத்தாவை அடுத்த ஷைக்கான் தேரியில் கிடைத்த மட்கலங்களை ஆதாரமாகக் கொண்டு, வாலை வடிப்பின் ஆதி வீடு இந்தியாவாக இருக்கலாகாதா என்று 1979இல் ஒரு கட்டுரையில் வினவினார். கன்னோசியிலோ, செப்புக் கொப்பரையின் வாயைக் களிமண்ணால் பூசி, மூங்கிற்குழாய் வழியே ஆவியைச் செலுத்தி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்த குடத்தில் அத்தரை இறக்கும் முறை இன்றும் வழங்குகிறது. நம் சித்த வைத்தியம் உள்மருந்துகளை 32 வகையாகப் பகுத்து, தீநீருக்கும் அவற்றுள் ஓர் ஆசனம் அளித்திருக்கிறது. பிள்ளைகளின் வயிற்று உப்புசத்துக்குத் தமிழ்நாட்டுப் பாட்டிமார் சிபாரிசு செய்யும் ஓமத் தீநீர் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

இத்தனை ஆதாரங்களை அடுக்கிய பண்டிதர்கள் அனைவரும் ஏகமனதாக அலட்சியம் செய்த ஆதாரம் ஒன்று எஞ்சியிருக்கிறது. அது இட்லிக் கொப்பரையின் மூடி. காலைதோறும் அதன் உட்புறத்தில் சுத்தமான வடிநீர் முத்துமுத்தாக அரும்பி, ஏந்துவாரின்றி இட்லியின் தலையிலேயே சொட்டி அதைச் சொதசொதப்பாக்குகிறது. இதனின்று பெறப்படுவது யாதெனில், அடுப்பெரியும் வீடுகளிலெல்லாம் வாலை வடிப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. சாதகன் புதிதாகச் செய்யவேண்டியது அதைப் பிடித்துக்கொள்வது ஒன்றே.

3. உபகரணமும் பிரயோகமும்

அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் நாலில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, நடுவே ஒரு முக்காலியை நிறுத்தி, அதன்மீது கிண்ணமொன்றை வைக்க. குமிழுள்ள மூடியைக் கவிழ்த்து, குமிழ் கிண்ணத்தை நோக்குமாறு மூடி, அதன் பள்ளத்தில் குளிர்ந்த நீரை நிரப்புக. ஆவி மூடியைத் தொட்டு, நீராகி, சரிவில் இறங்கி, குமிழின் நுனியிலிருந்து கிண்ணத்தில் விழும். ஓமத் தீநீர் வேண்டுவோர் நீருடன் ஓமத்தையும் சேர்க்கலாம். முதலில் இறங்குவதில் வாசனை மிகும், அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலமும் மிதக்கும்.

விலக்கத்தக்கன மூன்று. மூடியின் விளிம்பை மாவு பூசி முற்றும் அடைத்தல் முதலாவது. போக்கிடம் இல்லாத ஆவி மூடியை மட்டுமன்றிச் சாதகனையும் தூக்கியெறியவல்லது. குக்கரின் விசில் வாயில் ரப்பர்க் குழாய் செருகுதல் இரண்டாவது, காரணம் அதுவே. அடிநீர் முழுவதும் வற்றும்வரை பேராசைப்படுதல் மூன்றாவது. உவர்நீர்க் கிணற்றையுடையோர் பாத்திரத்தின் அடியில் வெள்ளை உப்பேட்டைச் சுரண்டி இதன் பலனை அனுபவிப்பர்.

4. கணிதம்

30 டிகிரியிலுள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்கு உயர்த்த 70 கிலோ கலோரி போதும். அதை ஆவியாக்கவோ மேலும் 540 வேண்டும். அடுப்பின் வெப்பத்தில் பாதி பக்கவாட்டில் வீணாகிறதென்று கொண்டால், லிட்டருக்குச் சுமார் 110 கிராம் எரிவாயு செலவாகி, 14.2 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய 130 லிட்டரில் காலியாகும்.

இல்லத்தரசியின் கவனத்துக்குரிய இக்கணக்கைக் காட்டிலும் தத்துவ ரீதியில் கனமானது இனி வருவது. ஆவி உட்கொண்ட அந்த 540 கிலோ கலோரியை மூடியின் மேலுள்ள நீர் திரும்ப வாங்கிக்கொண்டாலன்றி ஒரு லிட்டர் வடியாது. மேல்நீர் 30 டிகிரியிலிருந்து 60 வரை சூடேற இடங்கொடுத்தால், அதற்குப் பதினெட்டு லிட்டர் நீர் தேவை. எனவே ஒரு லிட்டரைச் சுத்தமாக்க, கத்திரி வெயிலில், மேல்தொட்டித் தண்ணீரே வெந்நீராக இறங்கும் ஆரம்பாக்கத்தில், பதினெட்டு லிட்டர் குளிர்ந்த நீரைத் தேடவேண்டும். மூட்டுவது யாருக்கும் கைவரும், ஆற்றுவதே வித்தை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கண்டென்சரைக் கவனித்துச் சம்பளம் வாங்கும் ஷிப்ட்காரர் இதை நன்கறிவார். புத்தகம் படித்துப் புகுந்த சாதகரே அடுப்பை மேலும் தூண்டிவிட்டு, வடியவேண்டியதைச் சமையலறைச் சுவர்களுக்குத் தானம் செய்வார்.

5. ஆட்சேப சமாதானம்

கடையில் வடிநீர் கேனில் கிடைக்க, இவ்வளவு பிரயாசை எதற்கு என்பது பூர்வபட்சம். லாபம் தருவது தொழில், நஷ்டம் தருவது பொழுதுபோக்கு. இந்த நஷ்டம் கிராம் கணக்கில் நிரூபணமாகியிருப்பதால், இது சந்தேகமறப் பொழுதுபோக்கே என்பது சித்தாந்தம். தவிரவும், வடிந்த நீரை இன்வெர்ட்டர் பேட்டரியில் ஊற்றலாம்.

அக்கம்பக்கத்தாரின் ஐயம் என்னாவது என்பது இரண்டாம் ஆட்சேபம். பின்கட்டில் ஆவியைக் கண்ட அண்டை வீட்டுக்காரர் மதில்மேல் தலை நீட்டி, "என்னாண்ணா, என்னா காய்ச்சுறீங்க?" என்று குரலைத் தாழ்த்தி வினவும்பொழுது, சாதகன் சட்டப் பிரிவுகளை ஓதவேண்டியதில்லை, ஒரு தம்ளரை நீட்டினால் போதும். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, கிணற்று நீருக்குள்ள ருசிகூட இல்லை. ஒரு மிடறு விழுங்கியவர் மீண்டும் ஒருமுறை சாதகனின் முகத்தைப் பார்த்து, தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவன் உத்தமன் என்ற செய்தியை ஆழ்ந்த வருத்தத்துடன் தெருவெல்லாம் பரப்புவார்.