வாலிபனுக்கு வயது 56

1973 மே 11 அன்று ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது. வாலிபன் எம்.ஜி.ஆர். பிறந்தது 1917 ஜனவரியில். கணக்குப் போட்டால் 56. அரசாங்க உத்தியோகஸ்தராக இருந்தால் பென்ஷன் பேப்பரைத் தூக்கிக்கொண்டு அலைகிற பருவம். இவரோ ஒசாகா கண்காட்சி, ஹாங்காங், தாய்லாந்து என்று சுற்றிவிட்டு மஞ்சுளா, சந்திரகலா, லதா மூவரின் மனதையும் கவர்ந்திருந்தார்.

படம் வெளியானால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று அரசியல்வாதி மதுரை முத்து சவால் விட்டது ஊரறிந்த கதை. தலைப்பின் மூன்றாவது சொல்லை மட்டும் யாராவது ஆட்சேபித்ததாகக் கதை எதுவும் இல்லை.

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்க்கும் பெரியம்மாவிடம், கணக்குப் பாடம் புதிதாகப் படித்த திமிரில் இந்தக் கழித்தலைச் சொன்னேன்.

“வயசு கெடக்கு வயசு. ஒங்க பெரியப்பாவுக்கு முப்பத்தெட்டு. பக்கத்துல நிக்கவச்சுப் பாரு.”

பெரியப்பா பக்கத்தில்தான் இருந்தார். பீடியை அணைத்துவிட்டு எழுந்து போனார்.

வாத்தியார் எம்.ஜி.ஆர். தொழில் தெரிந்தவர். விக் இருந்தது, ரோஸ் பவுடர் இருந்தது, கழுத்துச் சுருக்கத்துக்கு ஸ்கார்ஃப் இருந்தது. இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்ட ஏற்பாடு கனவு. அவர் எந்தப் பெண்ணின் பின்னாலும் அலைவது அபூர்வம். நாயகிதான் தலையணையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடுவாள், உடனே டூயட். கனவு கண்டது அந்தப் பெண். இவர் கூப்பிட்டார்கள் என்று வந்து ஆடிவிட்டுப் போனவர். அவரிடம் போய் யார் வயதுச் சான்றிதழ் கேட்பது?

சான்றிதழெல்லாம் பெண்களுக்குத்தான். 1952இல் ‘பராசக்தி’யில் சிவாஜிக்கு ஜோடியாக வந்த பண்டரிபாய், 1968இல் ‘குடியிருந்த கோயி’லில் எம்.ஜி.ஆருக்குத் தாய். பிள்ளையைவிடப் பத்து வயதுக்கு மேல் இளைய தாய்! மருத்துவ உலகம் இதை எப்படித் தவறவிட்டது என்று தெரியவில்லை. ஆந்திராவில் இன்னும் வேகம். 1972இல் ‘படி பந்துலு’வில் என்.டி.ஆரின் பேத்தியாக வந்த ஸ்ரீதேவி, 1979இல் ‘வேட்டகாடு’வில் அவருக்கே ஜோடி. ஏழே வருஷத்தில் தாத்தா காதலராகிவிட்டார். நம் ஊரும் சளைக்கவில்லை: 1984இல் ‘அன்புள்ள ரஜினிகாந்த்’தில் குழந்தையாக வந்த மீனா, 1993இல் ‘எஜமா’னில் அதே ரஜினிக்கு மனைவி.

ஜனங்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பிரமாதமாகத் தெரியும். எம்.ஜி.ஆர். ரசிகன் சிவாஜியின் தொப்பையை அங்குலக் கணக்கில் சொல்வான். சிவாஜி ரசிகன் எம்.ஜி.ஆரின் பிறந்த வருஷத்தை டீக்கடையில் ஏலம் விடுவான். தணிக்கையெல்லாம் எதிர்முகாமுக்குத்தான். சொந்தத் தலைவருக்கு வயதானால், ஐந்தாம் வகுப்பில் அவர் படம் பார்க்க அரிசிப் பானையில் காசு திருடியவனுக்கும் அல்லவா வயதாகிவிடும்! அவனும் அப்போது தலைக்கு மை தடவிக்கொண்டிருந்தான்.

1977 ஜூன் 30 அன்று வாலிபன் முதலமைச்சரானார். அடுத்த ஜனவரியில் வந்த ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ கதாநாயகனாக அவருக்குக் கடைசிப் படம். 61 வயதை நெருங்கியும் வாளும் டூயட்டும் அப்படியே இருந்தன. இனிமேல் நடிக்க மாட்டாராம் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாவம்டா. இந்தச் சின்ன வயசுல தலைமேல எம்புட்டுப் பொறுப்பு!”