பக்கத்துத் தண்டவாளத்துக்காரர்

பந்தியில் உட்கார்ந்து பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்கிறவரை நமக்குத் தெரியும். ரயில் சிமுலேட்டர் விளையாடுகிறவர்களிடையே அவருக்கு ஒரு தம்பி உண்டு. தன் ரயில் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். கவலையெல்லாம் பக்கத்துத் தண்டவாளத்தில் கணினியே ஓட்டிக்கொண்டு வரும் ரயிலைப் பற்றி. அதன் நாலாவது வேகன் ஐந்தாவது வேகனுக்குள் புகுந்திருக்கிறது, சக்கரம் சுற்றாமல் சறுக்குகிறது, புகைபோக்கியை விட்டு ஒரு முழம் தள்ளிப் புகை வருகிறது. பார்த்தவுடன் இவர் கேமராவை அந்த ரயிலுக்குத் திருப்பிவிடுவார். சொந்த ரயில் சிக்னலைத் தாண்டிப் போய் ஆட்டம் முடிந்துவிட்டது என்று திரையில் எழுத்து வந்தாலும், கல்யாணத்தில் தாலி கட்டும்போது செருப்பைத் தேடுகிறவர் மாதிரி, இவர் கண் அங்கேதான். (இந்த வட்டாரத்தில் அதற்கு 'ஏஐ ரயில்' என்று பெயர். கவிதை எழுதுகிற இன்றைய ஏஐ அல்ல. கால அட்டவணையைப் பிடித்துக்கொண்டு போகிற அப்பிராணி.)

இவரைக் கிறுக்கர் என்று தள்ளுவது சுலபம். ஆனால் பக்கத்து இலைக்குக் கேட்கிறவர் உண்மையில் யாருக்காகக் கேட்கிறார்? 2001-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டிரெயின் சிமுலேட்டரை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்த ஆறு பாதைகளில் ஒன்று வட இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல். 1876-இல் பயணிகளுக்குத் திறந்துவிட்ட, சுமார் 116 கிலோமீட்டர் நீளமுள்ள மலைப்பாதை. ரிப்பிள்ஹெட்டில் 24 வளைவுகளோடு நிற்கும் கல்பாலத்தின்மேல் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் எஞ்சினை ஓட்டிப் போகலாம். எஞ்சின் கேபினுக்குள்ளிருந்து ஓட்டுகிறவருக்கு என்ன தெரியும்? கொதிகலனின் முதுகு, நாலைந்து அளவுமானிகள், முன்னால் இரண்டு தண்டவாளம். தன் சக்கரம் தனக்குத் தெரியாது. தன் ரயிலின் அழகைத் தானே பார்க்கவும் முடியாது. அந்த மலையில் 'இது ஒரு ரயில்பாதை, பொம்மை வண்டிக்குப் போட்ட தடம் இல்லை' என்று நம்பவைப்பது எதிரே கரியேற்றிக்கொண்டு வருகிற அந்த இன்னொரு ரயில் மட்டும்தான். அதன் சக்கரம் நின்றுபோனால் மொத்த இங்கிலாந்தும் அட்டையாகிவிடுகிறது. ஆக, பாயசம் கடைசியில் இவர் இலைக்குத்தான் வருகிறது.

இவரை இன்னொரு ஜாதியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் 1923-இல் டான்காஸ்டரில் கட்டி முடிக்கப்பட்டது, அது எல்.என்.இ.ஆர். கம்பெனியின் எஞ்சின். செட்டில்–கார்லைல் பாதையோ அன்றைக்குப் போட்டிக் கம்பெனியான எல்.எம்.எஸ். வசம். 'அந்த எஞ்சினுக்கு அந்தப் பாதையில் என்ன வேலை?' என்று சண்டை பிடிக்கிறவர் எஞ்சினின் ரிவெட் ஆணியைக்கூட எண்ணிச் சரிபார்க்கிற ஜாதி. நம்மவருக்கு வரலாறு எப்படிப் போனாலும் சரி, சக்கரம் சுற்றவேண்டும்.

அது ஏன் சுற்றுவதில்லை என்று அவர் கண்டுபிடிக்கிற விதத்தில்தான் ஆளின் தரம் தெரியும். மைக்ரோசாஃப்ட் கைவிட்ட பிறகும் அதே கோப்புகளைப் படித்து ஓட்டுகிற ஓபன் ரெயில்ஸ் என்ற இலவச மென்பொருளைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். அதில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் வேகனுக்கும் சாதாரண நோட்பேடில் திறக்கக்கூடிய ஓர் எழுத்துக் கோப்பு உண்டு. நீளம், எடை, சக்கரத்தின் ஆரம் எல்லாம் அதில் இருக்கும். வேகனின் படம் ஆறு மீட்டர் நீளம், கோப்பில் ஐந்து என்று எழுதியிருந்தால் வேகனுக்குள் வேகன் புகுந்துவிடும். நிஜ ரயில்வேயில் பெட்டிக்குள் பெட்டி புகுந்தால் விசாரணைக் கமிஷன். இங்கே ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். சக்கரக் கணக்கு இதைவிடச் சுவை. ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனின் பெரிய சக்கரத்தின் விட்டம் 6 அடி 8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.03 மீட்டர். மணிக்கு 96 கிலோமீட்டரில் போனால் அது நொடிக்கு நாலு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றவேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் ஆரம் கேட்ட இடத்தில் விட்டத்தை எழுதிவைத்தால், சக்கரம் இரண்டு சுற்றுதான் சுற்றும். வண்டி ஓடும், சக்கரம் உலாப் போகும். 'ஏதோ சரியில்லையே' என்று தோன்றுவதற்கும் 'சரியாகப் பாதி வேகம், அப்படியானால் விட்டம்தான்' என்று சொல்வதற்கும் நடுவில் இருக்கிற தூரம், கம்பவுண்டருக்கும் டாக்டருக்கும் உள்ள தூரம். அந்த ரயில் கண்ணில் பட்டதும் படமே திக்கித் திணறினால் வைத்தியம் வேறு. முதலில் மேசைத்திரையில் மென்பொருள் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு. கிடைக்காத படங்களின் பெயர்கள் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அதுவும் வாய் திறக்காவிட்டால் இருபது வேகனில் பத்தைக் கழற்றிப் பார்ப்பது, பிறகு ஐந்தை, பிறகு மிச்சத்தில் பாதியை. ஐந்தாவது சோதனைக்குள் குற்றவாளி வேகன் கையில்.

'விளையாட்டு என்பது ஓட்டத்தானே? ஓட்டாமல் ரிப்பேர் பார்க்கிறவர் என்ன விளையாடுகிறார்?' என்று கேட்பார்கள். ரயில்வேயை வெறும் டிரைவராகவே நினைக்கிறவர்களின் கேள்வி இது. பிளாட்பாரத்தில் நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு நடந்து ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக்கொண்டு போகிற ஆள் இங்கிலாந்திலும் இருந்தார், நம் ஊரிலும் இருந்தார். 'ணங்' என்றால் சரி, 'டொக்' என்றால் விரிசல். சந்தையில் மண்சட்டியைச் சுண்டிப் பார்த்து வாங்குகிற அதே சாஸ்திரம். இன்றைக்கும் நம் பெரிய ஸ்டேஷன்களில் ரயில் உள்ளே வரும்போது கேரேஜ் அண்ட் வேகன் ஊழியர்கள் நின்று அதன் அடிவயிற்றையே உற்றுப் பார்ப்பார்கள். 'ரோலிங் இன்' என்று அதற்குப் பெயர். அவர்களும் ஒரு வண்டியைக்கூட ஓட்டுவதில்லை. நம்மவர் சம்பளம் இல்லாத அந்த ஊழியர்.

'மனிதர் ஓட்டுகிற ரயிலுக்கு இருக்கும் ஒழுங்கு கணினி ரயிலுக்கு எதற்கு?' என்ற இன்னொரு கேள்வியில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஓபன் ரெயில்ஸ் ஏஐ ரயில்களுக்கு இயற்பியலைச் சுருக்கித்தான் போடுகிறது. பாரம் இழுக்கிற திணறலை முழுதாகக் காட்டாது. ஒரே நேரத்தில் பத்து ரயிலுக்கு முழுக் கணக்குப் போட்டால் கணினி மூச்சு வாங்கும். கணக்கில் இப்படிச் சலுகை கொடுத்தபிறகு, மிச்சம் இருப்பது கண்ணுக்குத் தெரிகிற உருவம் ஒன்றுதான். அதுவும் கோணினால் அந்த ரயிலில் வேறு என்ன இருக்கிறது?

ஆனாலும் இவரை முழுக்கப் புகழ முடியாது. சில சமயம் நோயே இல்லாத இடத்தில் மருந்து கொடுப்பார். வேகமாகப் போகிற ரயிலின் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றுவதுபோல் தெரிந்தால் அது பிழை அல்ல. நொடிக்கு இத்தனை படம் என்று திரை காட்டுவதால், ஓர் ஆரக்கால் அடுத்த படத்துக்குள் தன் முன்னவன் இருந்த இடத்தைக் கிட்டத்தட்ட எட்டிவிடுகிறது, கண் ஏமாறுகிறது. சினிமாவில் குதிரை வண்டிச் சக்கரம் காட்டுகிற அதே வேடிக்கை. அதைத் திருத்த உட்கார்ந்து ஆரத்தை மாற்றுவார், நீளத்தை மாற்றுவார், படத்தை மாற்றுவார், கிராஃபிக்ஸ் டிரைவரையும் புதிதாகப் போடுவார். எல்லாம் ஒரே இரவில். விடிந்ததும் ரயில் சரியாகிவிட்டிருந்தால் எதனால் என்று தெரியாது, கெட்டுப்போயிருந்தாலும் தெரியாது. ஒரு தடவைக்கு ஒன்று மட்டும் மாற்று, பழைய கோப்புக்குப் பிரதி எடுத்து வை: இந்த இரண்டு விதியும் அவருக்கு மனப்பாடம். அடுத்தவருக்குச் சொல்வதற்காக.

இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்து, சோறு ஆறிக்கொண்டிருந்தால், 'ரயில் எந்த ஸ்டேஷனில் நிற்கிறது?' என்று கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது. 'எத்தனையாவது வேகன்?' என்று கேளுங்கள். உடனே பதில் வரும், பின்னாலேயே அவரும் வருவார்.