சர்ச்சில் இழுத்தாராம், நானும் இழுத்தேன்

உறையூருக்குப் பெருமைகள் இரண்டு. ஒன்று, சோழர் தலைநகரம். மற்றது சுருட்டு. சோழர்கள் ஒன்பதாம் நூற்றாண்டில், தஞ்சாவூர்தான் சௌகரியம் என்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். காலி செய்த வீட்டுக்கு அடுத்த குடித்தனம் கிடைக்க எழுநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. புகையிலை அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, போர்த்துக்கீசியர் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, மெல்ல உறையூர்த் திண்ணையில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது எழுந்திருக்கவில்லை.

சரக்கு அவர்களுடையது, பெயர் நம்முடையது. சுருட்டியதால் சுருட்டு. போர்த்துக்கீசியர் வாயில் அது ‘ஷருட்டு’ ஆயிற்று, ஆங்கிலேயர் வாயில் ‘செரூட்’ ஆயிற்று. கடனாக வாங்கிய சொல்லை அவர்கள் இன்றுவரை திருப்பித் தரவில்லை. ஆங்கிலேயரின் கடன் விவகாரம் பின்னால் இன்னும் ஒரு தடவை வரும்.

உறையூர் இருக்கிற திருச்சியில் யாரிடமாவது சுருட்டு என்று வாயைத் திறந்து பாருங்கள். “சர்ச்சிலே நம்ம ஊர் சுருட்டைத்தான் இழுத்தாரு, தெரியுமா?” என்பார்கள். ஏதோ பக்கத்துத் தெரு சர்ச்சில், நேற்றுக்கூட கடைக்கு வந்து தீப்பெட்டி கேட்டவர் மாதிரி. இந்த மனிதர் 1931இல், காந்தி அரை நிர்வாணமாக வைஸ்ராய் மாளிகைப் படியேறுவதைப் பார்த்தால் குமட்டுகிறது என்று பேசியவர். நமக்குச் சுதந்திரம் கொடுக்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவர். இருக்கட்டுமே! நம்ம சுருட்டை இழுத்தாரா இல்லையா? இழுத்தார் என்றால் எல்லாம் மன்னிப்பு.

சர்ச்சில் தென்னிந்தியாவில் இருந்தது உண்மை. 1896இல் குதிரைப்படையின் இளம் அதிகாரியாகப் பெங்களூர் வந்தார். போலோ ஆடினார், புத்தகம் படித்தார், கிளப்பில் கணக்கு வைத்தார். போகும்போது கணக்கைத் தீர்க்கவில்லை. வசூலாகாத பாக்கி 13 ரூபாய் என்று பெங்களூர் கிளப்பின் பழைய பேரேட்டில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது. பெங்களூர் வருவதற்கு முந்தின வருஷமே அவர் கியூபாவுக்குப் போய் ஹவானா சுருட்டைப் பழகிக்கொண்டுவிட்டார். கடைசிவரை அவர் கையில் அதிகம் புகைந்தது அந்தச் சரக்குதான். ஏழு அங்குல நீளச் சுருட்டு ஒன்றுக்கு கியூபாக்காரர்கள் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். நம்மிடம் பேச்சு இருக்கிறது. அவர்களிடம் லேபிள் இருக்கிறது.

நமக்கு இன்னொரு சாட்சி உண்டு. அவர் இன்னும் பெரிய ஆள், ஏனென்றால் அவர் பிறக்கவே இல்லை. ஷெர்லாக் ஹோம்ஸ். 1887இல் வந்த முதல் கதையிலேயே, கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலைக் கிள்ளிப் பார்க்கிறார். கருத்து, செதில் செதிலாக இருக்கிறது. திருச்சிச் சுருட்டுக்கு மட்டும்தான் இப்படிச் சாம்பல் விழும் என்று அடித்துச் சொல்கிறார். டாக்டர் வாட்சன் வாயைப் பிளக்கிறார். நாமும் நூறு வருஷத்துக்கு மேலாகப் பிளந்த வாயை மூடவில்லை.

ஆனால் அந்தச் சுருட்டை இழுத்தது யார்? லண்டனில் வாடகைக் குதிரைவண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு ஆள். பிரபு இல்லை, ஜமீன் இல்லை. சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் இழுக்கிற சரக்கு. இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. நாம் ராஜபோகம் என்று பீற்றிக்கொள்வது, அந்த ஊர் வண்டிக்காரர் மடியில் இருந்த சமாச்சாரம். அப்படியானால் அதன் உண்மையான ருசிதான் என்ன?

உறையூருக்கே போய் ஒரு கட்டு வாங்கினேன். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு சுற்றிக்கொண்டிருந்த ஊரில் இப்போது சுற்றுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. புகையிலை திண்டுக்கல் சீமையிலிருந்து வருகிறது. வெள்ளைக்கார ஸ்பென்சர் கம்பெனியே திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது என்றால் மண்ணின் மகிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இலையைப் பதப்படுத்தி, நரம்பைக் கிழித்து, பலகையில் வைத்துக் கையாலேயே உருட்டுகிறார்கள். உருட்டுகிற கை ஒரு நொடி நிற்கவில்லை. அந்தக் கைக்கு மட்டும் எந்த சர்ச்சிலின் சிபாரிசும் தேவைப்படவில்லை.

பரீட்சை மொட்டைமாடியில் நடந்தது. நாற்பது வருஷ அனுபவஸ்தரான பெரியப்பா நடுவர்.

“இதை எப்படிப் பத்த வைக்கணும் பெரியப்பா?”

“வாயில வச்சுத்தான்டா. மூக்குல வச்சா அது மூக்குப்பொடி.”

பற்ற வைத்தேன். சுருட்டுப் பண்டிதர்கள் முதல் இழுப்பில் காபி வாசம், தோல் வாசம், கொக்கோ வாசம் என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்குக் கிடைத்தது திருவிழாவுக்கு மறுநாள் காலை ஐயனார் கோயில் வாசம். இரண்டாவது இழுப்பில் லேசாக வெல்லம் மாதிரி ஏதோ நாக்கு நுனியில் எட்டிப் பார்த்தது. அது யாரென்று பார்க்க மூன்றாவதை ஆழமாக இழுத்தேன்.

“உள்ள இழுக்காதடா! புகைய வாயோட நிறுத்து!” என்றார் பெரியப்பா.

தாமதம். மொட்டைமாடி ஒரு சுற்று சுற்றியது. மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் இடத்தை விட்டு நகர்ந்து மறுபடி உட்கார்ந்தார். வேர்த்தது, குமட்டியது. 1931இல் சர்ச்சிலுக்குக் குமட்டியதற்குக் காரணம் காந்தியா, இதுவா என்று அப்போதுதான் யோசித்தேன். சாம்பல் உதிர்ந்து வேட்டியில் ஓட்டை போட்டது. கவனித்தேன்: கருப்பு, செதில் செதில். ஹோம்ஸ் சொன்னது சரி.

படியிறங்கி வந்தவனுக்கு மனைவி மோர் டம்ளரை நீட்டினாள். “எத்தனை சுருட்டு குடிச்சீங்க?” ஹோம்ஸ் மாதிரி சாம்பலைப் பார்க்கவில்லை, அதைப் பற்றி ஆராய்ச்சி நூல் எழுதவில்லை. லண்டன் துப்பறிவாளருக்கு இவ்வளவு மரியாதை தேவையே இல்லை.

மீதிக் கட்டைத் தெருமுனைக் கருப்பசாமி கோயிலில் கொடுத்துவிட்டேன். பூசாரி ஒன்றைப் பற்றவைத்து சாமி முன்னால் செருகினார். நின்று பார்த்தேன். சர்ச்சில் பாதிச் சுருட்டை அணையவிட்டு, கடித்துத் துப்பி, வேறொன்றை எடுப்பவர். கருப்பசாமி அப்படியில்லை. இருமவில்லை, முகம் சுளிக்கவில்லை, கொக்கோ வாசம் என்று பீற்றவில்லை. கடைசிச் சாம்பல் விழும்வரை நிதானமாக முடித்தார்.

என் தீர்ப்பு இதுதான். சர்ச்சில் வாய்க்கு இந்தச் சுருட்டு எப்படியோ, சொல்வதற்கில்லை. வண்டிக்காரருக்கும், களத்துமேட்டுப் பெரியப்பாவுக்கும், விடிய விடிய ஊரைக் காவல் காக்கிற சாமிக்கும் கச்சிதம். அவர்களை யாரும் விளம்பரத்துக்குக் கேட்டதில்லை.

அதோடு கருப்பசாமி எந்தக் கிளப்பிலும் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனதில்லை.