‘ரீ’ பட்ட பாடு

பெரிய ஆங்கிலச் சொல் ஏதாவது கண்ணில் பட்டால் அதை எங்காவது சொருகிவிடாமல் எனக்குத் தூக்கம் வராது. ‘ரீசப்ஜுகேஷன்’ அப்படிச் சிக்கிய ஒன்று. அடங்கிக் கிடந்து, விடுபட்டு, மறுபடியும் அடக்கப்படுவது. நெப்போலியன் காலத்துக் கரீபியன் தீவுகளைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். தோதான இடம் என்று தாராளமாக இறைத்தேன்.

எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். சபை கிடைத்த மகிழ்ச்சியில் அது எனக்கு மறந்துவிடும்.

“1802-இல் மார்த்தினிக் மறுபடி அடிமைப்பட்டது” என்றேன்.

“ஏங்க, அது எப்ப விடுதலையாச்சு?”

பிரான்ஸ் 1794-இல் அடிமைமுறையை ஒழித்தது உண்மை. ஆனால் அதே ஆண்டு பிரிட்டன் மார்த்தினிக்கைப் பிடித்துக்கொண்டதால் சட்டம் அங்கே கரையேறவே இல்லை. தீவு திரும்பக் கைக்கு வந்ததும், இருந்த அடிமைமுறையை நெப்போலியன் அப்படியே நீடிக்கவிட்டார். என் ‘ரீ’ கழன்று விழுந்தது.

ஹைட்டிக்குத் தாவினேன். அங்கே நெப்போலியன் அனுப்பிய லெக்லேரின் படை வந்தது, விடுதலைத் தலைவர் தூசேன் லூவெர்த்தூரைப் பிடித்துப் பிரான்சுக்கு அனுப்பியது, அதற்குமேல் முடியவில்லை. 1804 ஜனவரி 1-இல் அது தனி நாடு. முயன்றதையெல்லாம் நடந்ததாக எழுதி வைத்திருந்தேன்.

சொல் கச்சிதமாகப் பொருந்துவது குவாதலூப்புக்கு. தோட்டத்தை விட்டு நகர முடியாத விடுதலைதான் என்றாலும், எட்டு ஆண்டு அனுபவித்தவர்கள் அதை விட்டுத்தர மறுத்தார்கள். பிரெஞ்சுத் தளபதி ரிஷ்பான்ஸின் படை சூழ்ந்தபோது, 1802 மே 28 அன்று மத்தூபாவில் லூயி தெல்கிரேஸும் தோழர்களும் வெடிமருந்துக்குத் தீ வைத்து மாண்டார்கள். அடிமைமுறை திரும்பியது, 1848 வரை இருந்தது. அந்தச் சேதி போய்ச் சேர்ந்துதான் ஹைட்டியில் கிளர்ச்சி இன்னும் மூண்டது. குவாதலூப்புக்கு நான் ஒதுக்கியது ஒரே வரி. அதில் அந்தச் சொல்லும் இல்லை. வாக்கியம் நீள்கிறதென்று வெட்டியிருந்தேன்.

விடுவேனா? 1854 முதல் அங்கே கூலிகளாகக் கப்பலேறிய நம்மவர்களைக் காட்டி, “இவங்க?” என்றேன்.

“அதுல பண்ணையடிமையா இருந்து தப்பிச்சவங்க எத்தனை பேர்?”

தெரியவில்லை. அந்தப் பத்தியை எடுத்துத் தனியே வைத்தேன். மற்ற இடங்களிலும் சொல்லை உருவியதில் கட்டுரை பாதியாகிவிட்டது.

பத்திரிகை ஆசிரியர் போனில், “சார், இப்பதான் படிக்கிற மாதிரி இருக்கு” என்றார். முதல் வடிவத்தையும் அவருக்கு அனுப்பியிருந்தது அப்போதுதான் உறைத்தது.