ஐந்தாவது பங்காளி

கேள்வி: தேர்ச்சி குறைந்த அரசுப் பள்ளிகளைப் பெரிய நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டால் என்னங்க?
- வாசகர் ஒருவர், பொள்ளாச்சி

பதில்: எதை ஒப்படைப்பது என்பதில்தானுங்க வில்லங்கமே. 500 அரசுப் பள்ளிகளைத் தனியார் பள்ளிகள் 'தத்தெடுக்கும்' என்று 2024 கடைசியில் செய்தி வந்ததும் எத்தனை கூச்சல்! 'தத்து என்று நான் சொல்லவே இல்லை' என்று அமைச்சர் அன்பில் மகேஸ் விளக்க வேண்டியதாயிற்று. பெற்றவர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, பிள்ளையைத் தத்துக் கேட்டால்?

கொடுப்பது கோவைக்குப் புதிதல்ல. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வர். 1926-ல் சொத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்காளி, தர்மம். இன்று பாகம் பிரிக்கையில் வரப்புக்கே வழக்குப் போடுகிறோம், அது வேறு கதை. காமராஜர் காலப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் கட்டடம் முதல் பெஞ்சு வரை கொடுத்தார்கள்; பதிலுக்குப் பள்ளியைக் கேட்கவில்லை. 2022-ல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் அதே தடம்தான்.

இங்கிலாந்தில் நலிந்த பள்ளிகளை நடத்தும் பொறுப்பையே ஸ்பான்சரிடம் கொடுத்தார்கள். அவரும் சரியில்லையென்றால் வேறு ஸ்பான்சர். மாப்பிள்ளையை மாற்றிக்கொண்டே இருந்தால் பெண் எப்போது குடித்தனம் நடத்துவது?

கம்பெனிக்காரர் தாராளமாகக் கழிப்பறை கட்டட்டும், பெயின்ட் அடிக்கட்டும். காலியாகக் கிடக்கும் கணக்கு வாத்தியார் இடத்தை அரசு நிரப்பட்டும். நன்கொடையாளர் பெயர்ப் பலகை மட்டும் கரும்பலகையைவிடச் சின்னதாக இருக்கட்டுமுங்க.